“உனக்கு எவ்ளோ செஞ்சிருக்கேன்!” – வேலை இடத்தில் நம்மை ஆட்டிவைக்கும் தலைமை



சில மாதங்களுக்கு முன் ஆழ்வார்பேட்டை பகுதிக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் அக்கா தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைப் பகிர்ந்து கொண்டார். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறார். அங்கே இருக்கிற சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தானாம். மகளின் பிரசவ நேரத்தில் தன் பையிலிருந்து ஐயாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தவர். இப்போது கடையில் சரக்கு குறைந்திருக்கிறது. கூட வேலை செய்யும் இன்னொரு பெண்தான் அதை எடுத்தாள், நான் பார்த்தேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறாராம்.

“நான் பாக்கவே இல்ல மேடம். ஆனா அவர் மூஞ்சியப் பாத்து எப்படி முடியாதுன்னு சொல்றது? எனக்கு எவ்ளோ செஞ்சிருக்காரு!”

கூட்டத்தில் பாதிப் பேர், “போட்டுக் குடுத்துடு, வேலை போயிடும்” என்றார்கள். பாதிப் பேர் கூடாது என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சகோதரி, “அந்தப் பொண்ணுக்கும் புள்ளைங்க இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டார். தண்ணி லாரி வரும் நேரம் ஆகிவிட்டதால் கூட்டம் கலைந்தது. எங்களாலும் அன்றைக்கு உருப்படியாக ஒரு பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் இந்த மாதப் பாடத்தை அந்த அக்காவின் கேள்வியை வைத்தே எழுதுகிறோம். இது கெட்டவர்களைப் பற்றிய பாடம் இல்லை. கத்துகிறவர், கை ஓங்குகிறவர், தப்பான பார்வை பார்க்கிறவர் யார் என்று நமக்குத் தெரியும். அவர் வந்தால் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு தள்ளி நிற்கிறோம். நல்லது செய்துவிட்டு, செய்த நல்லதையே கயிறாகத் திரித்து நம்மைக் கட்டுகிற தலைமையை அடையாளம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஏனென்றால், அவர் செய்த நல்லது பொய் இல்லை.

ஊரறிந்த ஒரு வழக்கு

சரவண பவனில் ஒரு காபியாவது குடிக்காதவர் நம் பகுதியில் குறைவு. அதைத் தொடங்கியவர் பி. ராஜகோபால். 1947இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் புன்னையடி என்ற சின்ன கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து கே.கே. நகரில் மளிகைக் கடை நடத்தினார். 1981இல் அதே கே.கே. நகரில் முதல் ஓட்டலைத் திறந்தார். பிறகு அது பல நாடுகளுக்குப் போனது. தொழிலாளர்கள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். ஓட்டல் வேலை என்றாலே எச்சில் தட்டும் ஏச்சுப் பேச்சும் என்று இருந்த காலத்தில், தங்குமிடம், மருத்துவச் செலவு, பிள்ளைகள் படிப்பு என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். படிக்காத கிராமத்துப் பையன்கள் எத்தனையோ பேர் அங்கே வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். இதை யாரும் மறுக்க முடியாது. மறுக்கவும் வேண்டாம்.

அவரிடம் வேலை பார்த்த ஓர் உதவி மேலாளரின் மகள் ஜீவஜோதி. ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருந்த ராஜகோபால், அந்தப் பெண்ணை மூன்றாவதாகக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார். ஜோதிடர் ஒருவர் சொன்ன யோசனை என்று அப்போது செய்திகளில் வந்தது. ஜீவஜோதியோ, தன் வீட்டுக்கு டியூஷன் எடுக்க வந்த பிரின்ஸ் சாந்தகுமாரை விரும்பி 1999இல் கல்யாணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகும் முதலாளி விடவில்லை. எப்படி விடவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்தத் தம்பதி சொந்தமாக டிராவல்ஸ் தொழில் தொடங்கப் பண உதவி. விலை கூடிய பரிசுகள். உடம்புக்கு முடியாதபோது ஆஸ்பத்திரிச் செலவு. அடிக்கடி போன் செய்து விசாரிப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் உதவி. “பெரிய மனுஷன், நம்ம மேல எவ்ளோ பாசம்” என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சேர்த்துப் பார்த்தால்தான் கயிறு தெரியும். உதவி வேலை செய்யாதபோது மிரட்டல் வந்தது.

2001 அக்டோபரில் கணவன் மனைவி இருவரையும் கடத்தினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். புகார் கொடுத்தும் சாந்தகுமாரை மறுபடி கடத்திக்கொண்டு போனார்கள். அக்டோபர் 31ஆம் தேதி கொடைக்கானல் மலைக் காட்டில் அவர் உடல் கிடைத்தது. 2004இல் பூந்தமல்லி செஷன்ஸ் கோர்ட் ராஜகோபாலுக்குப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2019 மார்ச் 29இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஜூலை 9ஆம் தேதி ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்தவர், ஜூலை 18ஆம் தேதி இறந்துபோனார். தன் அப்பாவுக்குச் சம்பளம் கொடுத்த மனிதருக்கு எதிராக, இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு பெண் பதினெட்டு வருஷம் கோர்ட் படியேறினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் இந்த வழக்கை நாங்கள் எடுத்தது முதலாளிக்காக இல்லை. அவரோடு சேர்ந்து தண்டனை வாங்கியவர்களுக்காக. அவரிடம் வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். டீ ஆற்றவும், கல்லாவில் உட்காரவும், வண்டி ஓட்டவும்தான் ஒருவர் ஓட்டலுக்கு வேலைக்கு வருகிறார். ஆள் கடத்த யாரும் வேலைக்குச் சேர்வதில்லை. பிறகு எப்படி அங்கே போய் நின்றார்கள்? “காசுக்காகச் செஞ்சிருப்பாங்க” என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். காசு ஒரு பங்கு. ஆனால் சாப்பாடு போட்ட கை, தங்கச்சி கல்யாணத்துக்கு உதவின கை என்று ஒருவர் நினைக்க ஆரம்பித்துவிட்டால், அந்தக் கை எதைக் காட்டினாலும் போகத் தோன்றும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள். உப்பிட்டவர் சொன்னதையெல்லாம் செய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நாம் அப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறோம்.

சின்ன ஸ்டிக்கர், பெரிய போர்டு

மனநல ஆராய்ச்சி செய்பவர்கள் இதைப் பற்றி நிறையச் சோதித்திருக்கிறார்கள். நமக்குப் பிடித்த ஒன்று, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இருவர் செய்தது. 1966இல் வெளிவந்தது. வீடு வீடாகப் போய், “வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்” என்று எழுதிய ஒரு பெரிய, அசிங்கமான போர்டை உங்கள் வீட்டு வாசலில் நட்டு வைக்கலாமா என்று கேட்டார்கள். நூற்றுக்குச் சுமார் பதினேழு பேர்தான் சரி என்றார்கள். யார்தான் ஒத்துக்கொள்வார்கள்! ஆனால் இன்னொரு பகுதியில், இரண்டு வாரம் முன்பாகவே ஓர் ஆள் போய் இதே விஷயத்துக்கு மூன்று அங்குல ஸ்டிக்கர் ஒன்றை ஜன்னலில் ஒட்டச் சொன்னார். சின்ன ஸ்டிக்கர்தானே என்று ஒட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொருவர் அந்தப் பெரிய போர்டோடு வந்து நின்றபோது, நூற்றுக்கு எழுபத்தாறு பேர் சரி என்றார்கள்.

ஸ்டிக்கர் ஒட்டியவர்களை யாரும் மிரட்டவில்லை. “நான் இதற்கு உதவி செய்கிற ஆள்” என்று தங்களையே அவர்கள் நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

எங்கள் கதையும் இதுதான். சோஷியல் ஒர்க் படித்து முடித்த புதிதில் நாங்கள் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். பெயர் வேண்டாம். களப்பணியாளர்கள் ஐந்து பேர், கணக்கு எழுத ஓர் அக்கா. டைரக்டர் சார் எங்களை “என் பிள்ளைங்க” என்றுதான் சொல்வார். பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார். ஊருக்குப் போக பஸ் காசு கொடுப்பார். வெளியில் யாரிடமாவது எங்களை அறிமுகம் செய்தால் புகழ்ந்து தள்ளுவார். வீட்டில் கூட யாரும் எங்களை அப்படிப் பாராட்டியதில்லை. மழை நாளில் இரவு எட்டு மணி வரை இருக்கச் சொன்னார், இருந்தோம். அது ஸ்டிக்கர். “இந்த வவுச்சர்ல மட்டும் ஒரு கையெழுத்து போடும்மா, தொகையை அப்புறம் எழுதிக்கலாம்” என்றார், போட்டோம். பிறகு ஆயிரத்து ஐந்நூறு கையில் வாங்கிக்கொண்டு மூவாயிரத்துக்குக் கையெழுத்து. “மீதிப் பணம் எனக்கா போகுது? ஆபீஸ் வாடகைக்குத்தானே” என்பார். உண்மையாகவும் இருக்கலாம் என்று நினைத்தோம். கடைசியில், நடக்காத ஒரு பயிற்சி முகாமுக்கு நாற்பது பெண்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் நாங்களே எழுத வேண்டும் என்றார். உங்களைப் போன்ற பெண்களின் பெயர்கள்தான். தையல் பயிற்சி பெற்றதாகப் பதிவாகிவிட்டால் அவர்களுக்கு உண்மையான பயிற்சி அந்த வருஷம் கிடைக்காது. அது தெரிந்தும் எழுதினோம். பேனாவை வெவ்வேறு மாதிரி பிடித்து வெவ்வேறு கையெழுத்தாக வருகிற மாதிரி எழுதினோம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடம் நடத்துகிறவர்கள் மட்டும் தப்பே செய்யாதவர்கள் மாதிரி பேசுவது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாளே அந்தப் பதிவேட்டை நீட்டியிருந்தால் நாங்கள் ஐந்து பேரும் எழுந்து வந்திருப்போம். இது நிச்சயம்.

இன்னொன்றையும் அங்கே கற்றுக்கொண்டோம். சார் எங்களை ஒன்றாகக் கூப்பிட்டு எதையும் கேட்டதில்லை. ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிடுவார். “உன்கிட்ட மட்டும் சொல்றேன்” என்பார். இன்னொருத்தி உன்னைப் பற்றி இப்படிச் சொன்னாள் என்பார். அதனால் நாங்கள் ஐந்து பேரும் ஒரே அறையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டாலும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. சொன்னதையே சொல்லவில்லை என்பார். “நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? நீ ரொம்ப டென்ஷனா இருக்கே, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ” என்று அக்கறையாகச் சொல்வார். நமக்கே நம் ஞாபகத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும். 1938இல் இங்கிலாந்தில் ஒரு நாடகம் வந்தது. அதில் புருஷன்காரன் இரவில் ரகசியமாக வேறு இடத்தில் விளக்கேற்றுவதால் வீட்டு கேஸ் விளக்கு மங்கும். மனைவிக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்று அவளையே நம்ப வைக்கப் பார்ப்பான். அந்த நாடகத்தின் பெயரை வைத்துத்தான் ‘கேஸ் லைட்டிங்’ என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்மில் பலருக்கு இதைச் சொல்லித்தர நாடகம் எதுவும் வேண்டாம், வீட்டிலேயே நடக்கிறது என்று நீங்கள் சொல்வது எங்களுக்குக் கேட்கிறது. அது வேறு மாதப் பாடம்.

இப்படிப்பட்டவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? 2002இல் கனடாவைச் சேர்ந்த பால்ஹஸ், வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மூன்று இருண்ட குணங்களைச் சேர்த்துச் சொன்னார்கள். தன்னைத் தவிர யாரும் பெரிதில்லை என்ற நினைப்பு, மனிதர்களைத் தாயக்கட்டத்துக் காய் மாதிரி நகர்த்துகிற புத்தி, அடுத்தவர் வலி மனதில் ஏறாத தன்மை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே உங்கள் சூப்பர்வைசருக்கு நோய்ப் பெயர் வைக்க வேண்டாம். நாம் டாக்டர்கள் இல்லை. அவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்வதை விட, அவர் நம்மைச் செய்ய வைப்பது என்ன என்று பார்ப்பதே நமக்கு உதவும்.

இரண்டு பேர் எழுந்து நின்றால்

நாங்கள் அந்த நிறுவனத்தில் எப்படி நிறுத்தினோம் என்றால், நாங்கள் நிறுத்தவில்லை. கணக்கு எழுதிய அக்காதான் நிறுத்தினார். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, “இனிமே காலி வவுச்சர்ல நான் கையெழுத்து வாங்க மாட்டேன்ப்பா. மாட்டினா நான்தான் உள்ள போவேன்” என்றார். பெரிய வீரம் எல்லாம் இல்லை, பயந்துதான் சொன்னார். ஆனால் சத்தமாகச் சொன்னார். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு இன்னொருவர், “நானும் போட மாட்டேன்” என்றார். அடுத்த வாரம் ஐந்து பேருமே போடவில்லை.

இதற்கும் ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் செய்தது. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துச் சாதாரண ஆட்களை வரவழைத்தார். ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் ஒரு சுவிட்சைத் தட்டி ஷாக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் பதினைந்து வோல்ட் கூடும். கடைசி சுவிட்ச் 450 வோல்ட். நம் வீட்டில் வருவது 230 வோல்ட், நினைத்துப் பாருங்கள். உண்மையில் ஷாக் எதுவும் இல்லை, அடுத்த அறையில் இருந்தவர் நடித்தார். ஆனால் சுவிட்சைத் தட்டியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், “போதும் சார்” என்றார்கள். கோட் போட்ட ஆள், “தயவுசெய்து தொடருங்கள்” என்று நிதானமாகச் சொன்னார். முதல் சோதனையில் நாற்பது பேரில் இருபத்தாறு பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள்.

இதைக் கேட்டு மனம் விட வேண்டாம். அதே சோதனையை மில்கிராம் வேறு மாதிரியும் செய்தார். இந்த முறை சுவிட்ச் பக்கத்தில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அதில் இருவர் அவருடைய ஆட்கள். பாதியில் ஒருவர், கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், “என்னால் முடியாது” என்று எழுந்துவிட்டார்கள். அப்போது நாற்பது பேரில் நான்கே பேர்தான் கடைசி வரை போனார்கள். மீதி முப்பத்தாறு பேரும் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இரண்டு பேர் எழுந்து நின்றது மட்டும்தான் மாறியது.

தனித்தனியாக அறைக்குக் கூப்பிடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நமக்காகப் பேசுகிறேன் என்று வருகிறவர்

இதுவரை சொன்னது முதலாளி, சூப்பர்வைசர், டைரக்டர் பற்றி. நம் தரப்பிலேயே நின்று நமக்காகப் பேசுகிற தலைவர்களிடமும் இது நடக்கும். நம் தோழிகள் நிறையப் பேருக்கு மூணாறு என்றால் டூர் போன இடம். அங்கே தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிற பெண்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் கம்பெனி போனஸை நூற்றுக்குப் பத்தாகக் குறைத்தது. அப்போது அவர்கள் நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் கம்பெனியை மட்டும் எதிர்க்கவில்லை. பல வருஷமாகத் தங்களுக்காகப் பேசிவந்த பெரிய தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வர விடவில்லை. எங்களிடம் சந்தா வாங்கிக்கொண்டு, கம்பெனியிடம் வீடும் பிள்ளைகளுக்கு வேலையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அந்தப் பெண்களின் குற்றச்சாட்டு. ‘பெம்பிளை ஒருமை’ என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வந்தது. ஒன்பது நாளில் இருபது சதவீதம் போனஸ் தர ஒப்பந்தம் ஆனது.

கதை அதோடு முடிந்திருந்தால் சந்தோஷம். சில மாதங்களில் அந்தப் பெண் தலைவிகளுக்குள்ளேயே பிரிவு வந்துவிட்டது. எந்தக் கட்சிப் பக்கம் போவது, யார் பெரியவர் என்று. பெண்கள் தலைமை என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. இதை நம் கூட்டமைப்புச் செய்தி மடலில் சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஏனென்றால் நம் குழுக்களிலும் இது உண்டு. “பேங்க் மேனேஜர்கிட்ட பேசி லோன் வாங்கிக் குடுத்தது யாரு? நான்தானே!” என்று ஓர் ஊக்குநர் சொன்னால், அந்த லோன் குழுவின் உரிமையாக இருந்தது போய் அவர் போட்ட பிச்சையாகிவிடுகிறது. பாஸ்புக் அவர் வீட்டு பீரோவில் இருக்கும். பொறுப்பாளர் மாற்றம் பற்றிப் பேச்செடுத்தால் அழுவார். அழுவது நடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். தீர்மான நோட்டு, பொறுப்பாளர் சுழற்சி, மூன்று பேர் பார்க்கிற கணக்கு இதையெல்லாம் நாங்கள் வற்புறுத்துவதை, “மேடம் எங்களை நம்பறதில்ல” என்று சிலர் கோபிக்கிறீர்கள். நல்லவர்களும் கயிறு திரிக்க வசதி இல்லாமல் இருக்கத்தான் அந்த விதிகள்.

உதவியா, உரிமையா?

கயிறு பெரும்பாலும் நம் உரிமையிலிருந்தே திரிக்கப்படுகிறது. இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். “உனக்கு நான்தான் இ.எஸ்.ஐ. போட்டுக் குடுத்தேன்” என்று ஒரு மேனேஜர் சொன்னதாக நம் உறுப்பினர் ஒருவர் நன்றியோடு சொன்னார். 2019 ஜூலை முதல் நம் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் நாமும், மூணேகால் ரூபாய் முதலாளியும் கட்ட வேண்டும் என்பது விதி. அது நம் காசு, நம் அட்டை. கடையில் உட்காருவது இன்னொன்று. தி.நகர் கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்து கால் நரம்பு சுருண்டவர்கள் நம் குழுக்களில் எத்தனை பேர்! 2021இல் தமிழ்நாடு சட்டசபை, கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன்னால், “கொஞ்ச நேரம் உக்காந்துக்கோ, யார்கிட்டயும் சொல்லாதே” என்று சூப்பர்வைசர் சொன்னால் அது உபகாரம். இப்போது அது உரிமை. உட்காரச் சொன்னதற்காக ஒருவருக்கு நாம் கடன்பட வேண்டியதில்லை.

தொந்தரவு உடம்பு சம்பந்தமானதாக இருந்தால் 2013ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் உள் புகார் குழு கட்டாயம். பத்துப் பேருக்குக் குறைந்த கடை, வீட்டு வேலை என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உடனடி உதவிக்கு 181.

சரி, உண்மையாகவே பாசமாக உதவி செய்கிறவரை எப்படித் தெரிந்துகொள்வது? உதவுகிறவர்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டால் நம் வாழ்க்கை ஓடாது. பீமண்ண முதலி தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குப் போகிற ஒரு சகோதரி சொன்ன வழியை நாங்கள் இப்போது எல்லாக் குழுவிலும் சொல்கிறோம். சின்ன விஷயத்துக்கு ஒரு தடவை ‘இல்லை’ என்று சொல்லிப் பார்ப்பாராம். “இன்னிக்கு சாயங்காலம் வர முடியாதும்மா” என்று மட்டும். பாசம் இருக்கிறவர் கொஞ்சம் முகம் சுளிப்பார், மறுநாள் மறந்துவிடுவார். கயிறு வைத்திருக்கிறவர் அன்றைக்கே பழைய கணக்கை எடுப்பார். “போன தீபாவளிக்குப் புடவை குடுத்தேனே” என்று. அப்போது தெரிந்துவிடுமாம் அந்தப் புடவையின் விலை.

இனி அந்த ஜவுளிக் கடை அக்காவின் விஷயம். அடுத்த கூட்டத்தில் அவருடைய குழு ஐயாயிரம் ரூபாய் உள்கடன் கொடுத்தது. சூப்பர்வைசரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும், பிறகு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லட்டும் என்று எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். கூட வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பெண்களோடு அக்கா அவரிடம் போனார். கவரை நீட்டினார். அவர் வாங்கவில்லை. “உன்கிட்ட நான் பணமா கேட்டேன்? என்னை இவ்வளவு கேவலமா நினைச்சுட்டியே” என்று கண் கலங்கினாராம். ஐயாயிரத்தைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று அவர் அவ்வளவு பிடிவாதம் பிடித்ததைப் பார்த்த பிறகுதான், கூடப் போன இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்ததாம்.

கவரை மேஜையிலேயே வைத்துவிட்டு, பார்க்காததைப் பார்த்ததாக எழுத முடியாது என்று மூவரும் சொல்லிவிட்டு வந்தார்கள். அந்தப் பெண் இன்னும் வேலையில் இருக்கிறார். அக்காவை மட்டும் புடவைப் பிரிவிலிருந்து கீழ்த்தளத்தில் உள்ளாடைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கமிஷன் குறைவு. உள்கடன் தவணை மாதம் ஐந்நூறு. இதுவரை இரண்டு தவணை கட்டியிருக்கிறார்.